அஸபிய்யா இல்லாத மனிதர்: இப்னு கல்தூனின் வாழ்வும் அவர் கண்ட சமூக நியதிகளும்

ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுபின் தந்தை ஓர் ஆசிரியர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உமையாக்களின் காலத்தில் ஈராக்கை அடக்கி ஆண்ட ஆளுநர் ஓர் ஆசிரியரின் மகன் என்ற செய்தி பிற்கால வாசகர் பலருக்கு வியப்பையும் சிலருக்கு ஆசையையும் ஊட்டியது. ஏனெனில் அவர்கள் அறிந்த ஆசிரியர், சிறு ஊதியத்துக்குப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்துக் காலங்கழிக்கும் எளியவர். சமூகத்தில் எத்தகைய பின்பலமும் அற்றவர். அத்தகைய ஒருவரின் மகன் ஆளுநராக முடியுமெனில் நம்மால் ஏன் முடியாது என்று அவர்கள் எண்ணினர். இவ்வெண்ணம் எத்துணைப் பெரிய தவறு என்பதை இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வின் தொடக்கப் பகுதியிலேயே எடுத்துக்காட்டுகின்றார்.

ஹஜ்ஜாஜின் காலத்து ஆசிரியர் வேறு, தம் காலத்து ஆசிரியர் வேறு என்பதே அவர் தரும் விளக்கமாகும். இஸ்லாத்தின் ஆரம்ப காலத்தில் கற்பித்தல் என்பது வயிற்றுப் பிழைப்புக்குரிய ஒரு கைத்தொழிலாக இருக்கவில்லை. வேதத்தையும் ஸுன்னாவையும் மக்களுக்கு எத்திவைத்தவர்கள், அம்மார்க்கத்துக்காகப் போராடிய அதே குலத்தலைவர்களும் பிரமுகர்களுமே ஆவர். ஹஜ்ஜாஜின் குடும்பம் தாயிபின் தலைமைக் கோத்திரமாகிய ஸகீபைச் சேர்ந்தது. பின்னர் இஸ்லாமிய நாகரிகம் விரிந்து, அறிவு ஒரு துறையாக வளர்ந்து, அரசியலில் ஈடுபட்டோர் கற்பித்தலை மற்றவர்களிடம் விட்டுவிட்டபோதுதான் ஆசிரியம் எளியோரின் தொழிலாயிற்று. சொல் ஒன்றே, அச்சொல் சுட்டும் வாழ்வு முற்றிலும் மாறிவிட்டது.

ஒரு மனிதனின் உயர்வையும் தாழ்வையும் அவனது சொந்தத் திறமையாலும் குணத்தாலும் மட்டும் விளக்க முடியாது; அவன் நின்ற காலமும் சமூகமும் அவற்றைப் பெரிதும் வரையறுக்கின்றன என்ற உண்மை இங்கு தெளிவாகின்றது. அமெரிக்க சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959 இல் வெளியிட்ட நூலொன்றில், தனிமனிதனின் வாழ்க்கைக் கதையையும் சமூகத்தின் வரலாற்றையும் இணைத்துப் பார்க்கும் ஆற்றலே சமூகவியலின் உயிர்நாடி என வலியுறுத்தினார். அதற்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் வட ஆபிரிக்காவின் ஒரு கோட்டையிலிருந்து எழுதியவருக்கு இவ்வாற்றல் எங்கிருந்து வாய்த்தது? இதற்கான விடையை அவரது நூலில் மட்டுமன்றி அவரது வாழ்விலும் தேட வேண்டும் என நாம் கருதுகின்றோம். அவர் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வைத்துள்ளமை இத்தேடலுக்குப் பேருதவியாகும்.

இப்னு கல்தூன்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஹப்ஸிகள், மரீனிகள், ஸெய்யானிகள், கிரனாடாவின் நஸ்ரிகள், எகிப்தின் மம்லூக்குகள் என ஐந்து அரச மரபுகளுக்கு அவர் சேவை புரிந்தார். இன்று ஒரு சுல்தானுக்குப் புகழ்ப்பா பாடியவர் நாளை அவருடைய எதிரியின் அவையில் இருந்தார். எனவே அவர் சந்தர்ப்பவாதி, சுயநலமி, நன்றி மறந்தவர் என்று சிலர் தீர்ப்பு வழங்கினர். 1917 இல் பாரிஸில் தமது கலாநிதிப் பட்ட ஆய்வை இப்னு கல்தூன் பற்றியே எழுதிய தாஹா ஹுஸைனும் அவரது குணவியல்பைக் கடுமையாகவே மதிப்பிட்டார். மறுபுறம், இப்னு கல்தூனைப் போற்றுவோர் இவ்வத்தியாயத்தை மெல்லக் கடந்து சென்றுவிடுகின்றனர். பெரியார்களின் வரலாற்றை எழுதும்போது குறைகளை மறைப்பதும், எதிரிகளின் வரலாற்றை எழுதும்போது குறைகளை மட்டுமே எழுதுவதும் நம்மிடையே வேரூன்றிப்போன வழக்கங்கள். இவ்விரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். ஹஜ்ஜாஜின் தந்தையைத் தம் காலத்து ஆசிரியராகக் கற்பனை செய்தவர்கள்போல, இவர்களும் மனிதரை அவர் நின்ற நிலத்திலிருந்து பிடுங்கி எடுத்து மதிப்பிடுகின்றனர்.

குடும்பம் விட்டுச்சென்ற நினைவு

அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் ஹிஜ்ரி 732 ரமழானில், அதாவது கி.பி. 1332 மே மாதத்தில், தூனிஸ் நகரில் பிறந்தார். ஆனால் அவரது குடும்பம் தன்னைத் தூனிஸ் குடும்பமாக ஒருபோதும் கருதியதில்லை. ஹழ்ரமவ்த்தைச் சேர்ந்த வாயில் இப்னு ஹுஜ்ர் என்ற ஸஹாபியின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்ட கல்தூன் குடும்பத்தினர், அந்தலூஸ் வெற்றி கொள்ளப்பட்ட பின்னர் அங்கு குடியேறி, இஷ்பீலியாவில், அதாவது இன்றைய செவில் நகரில், பல தலைமுறைகளாகச் செல்வாக்குடன் வாழ்ந்தவர்கள். 1248 இல் காஸ்டில் மன்னன் மூன்றாம் பெர்னாண்டோ அந்நகரைக் கைப்பற்றினான். ஆபத்தை முன்னுணர்ந்த கல்தூன் குடும்பம் அதற்கு முன்னரே ஸப்தாவுக்கும் பின்னர் ஹப்ஸிகளின் ஆட்சிப்பரப்புக்கும் இடம்பெயர்ந்துவிட்டது.

தூனிஸில் அவர்களுக்கு வரவேற்பும் பதவியும் கிடைத்தன. இப்னு கல்தூனின் முப்பாட்டனார் ஹப்ஸி அரசின் நிதிப்பொறுப்பை வகித்தார். ஆனால் 1280களில் இப்னு அபீ உமாரா என்பவன் ஆட்சியைக் கைப்பற்றியபோது அவர் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். பாட்டனாரும் அரச பணியில் இருந்தார். தந்தையோ அரசியலை முற்றாக வெறுத்து ஒதுங்கிக் கல்வியிலும் ஆன்மிகத்திலும் ஈடுபட்டார். ஆகவே இவ்வீட்டில் பிறந்த பிள்ளை இரு எதிரெதிரான மரபுகளுக்கு ஒரே நேரத்தில் வாரிசானது: ஒன்று, அதிகாரத்தின் அருகே வாழ்ந்த பழங்குடிப் பெருமை; மற்றது, அதிகாரத்தைக் கண்டு அஞ்சி விலகிய தந்தையின் முன்மாதிரி. இவ்விரண்டுக்கும் இடையிலான ஊசலாட்டம் அவரது வாழ்வின் இறுதிவரை நீடித்தது.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இப்னு கல்தூனின் சிந்தனையின் மையக் கருத்து ‘அஸபிய்யா’ ஆகும். இரத்த உறவாலோ, அடைக்கலம், உடன்படிக்கை போன்ற வேறு பிணைப்பாலோ ஒரு கூட்டத்தார் ஒருவருக்காக ஒருவர் உயிர்கொடுக்கும் அளவுக்கு ஒன்றுபட்டு நிற்கும் வலிமையே அது. அஸபிய்யா உள்ளவர்களே ஆட்சியை அமைக்கின்றனர். நகர வாழ்வின் சுகத்தில் அது கரைந்துபோகும்போது ஆட்சியும் கரைகின்றது. பொதுவாக ஓர் அரசு மூன்று தலைமுறைகளைத் தாண்டுவதில்லை என்றும், தலைமுறை ஒன்றுக்கு 40 ஆண்டுகளாக அதன் ஆயுள் 120 ஆண்டுகள் என்றும் அவர் கணக்கிட்டார். கூட்டுணர்வின் வலிமையை இவ்வளவு துல்லியமாக விவரித்த அம்மனிதரிடம் அது சிறிதளவும் இருக்கவில்லை. அவர் எந்தக் கோத்திரத்தின் தலைவருமல்லர். அவருக்காக வாளேந்த ஓர் இளைஞனும் இல்லை. அகதிகளாக வந்த ஒரு நகரக் குடும்பத்தின் பழம்பெருமையும் தமது எழுதுகோலுமே அவரது முதலீடுகள்.

குடும்பப் பெருமை நான்கு தலைமுறைகளில் தேய்ந்துவிடும் என்று அவர் எழுதுகின்றார். முதலாமவர் பெருமையை உழைத்துக் கட்டியெழுப்புகின்றார். அவரிடமிருந்து நேரடியாகக் கற்றவர் இரண்டாமவர். மூன்றாமவர் பின்பற்றுவதோடு நின்றுவிடுகின்றார். நான்காமவரோ, அப்பெருமை உழைப்பால் வந்ததல்ல, பிறப்பால் தமக்கு உரியது என எண்ணி அதனை இழந்துவிடுகின்றார். அந்தலூஸை இழந்து வந்தவர்களைப் பற்றி அவர் எழுதும் வரிகள் இன்னும் கூர்மையானவை. வம்சாவளியும் ஓர் அரசாங்கப் பதவியும் இருந்தாலே ஆட்சியை எட்டிவிடலாம் என அவர்கள் மயங்குகின்றனர். அஸபிய்யா போய்விட்டதை அவர்கள் உணரவில்லை என்கின்றார். இது யாரைப் பற்றிய விமர்சனம்? பெயர் குறிப்பிடாமல் அவர் தமது வீட்டைப் பற்றியே எழுதினார் என்றுதான் நமக்குத் தோன்றுகின்றது. மரீனி சுல்தான் அபூ இனான் தமக்குச் செயலாளர் பதவி அளித்தபோது, தம் முன்னோர் எவரும் அத்தகைய பணியைச் செய்ததில்லை என்பதால் மனமின்றியே ஏற்றதாகத் தன்வரலாற்றில் அவர் கூறுவதையும் இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். நான்காம் தலைமுறையினரின் மயக்கம் எத்தகையது என்பதை அவர் உள்ளிருந்தே அறிந்திருந்தார்.

கொள்ளை நோயும் குலைந்த அரசுகளும்

1347 இல் மரீனி சுல்தான் அபுல் ஹஸன் தூனிஸைக் கைப்பற்றினார். அவரோடு மேற்கிலிருந்து ஓர் அறிஞர் படையே வந்து சேர்ந்தது. அவர்களுள் கணிதம், தர்க்கம், மெய்யியல் ஆகியவற்றில் வல்லவரான அல்-ஆபிலீயும் ஒருவர். ஒரு சுல்தானின் நாடு பிடிக்கும் ஆசை, பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவனது வாழ்வின் மிகச் சிறந்த ஆசிரியரைத் தேடிக் கொடுத்தது. மறு ஆண்டில் அதே சுல்தான் கைரவானுக்கு அருகே அரபுக் கோத்திரத்தாரிடம் படுதோல்வியடைந்தார். அதே காலப்பகுதியில் பெருங்கொள்ளை நோயும் வந்தது. இப்னு கல்தூனின் தந்தை, தாய், ஆசிரியர் பலர் அதற்குப் பலியாயினர். எஞ்சிய அறிஞர்களில் பலர், சுல்தான் கடல் வழியாக நாடு திரும்பியபோது நேர்ந்த கப்பல் விபத்தில் மாண்டனர். பதினேழு வயதளவில் அவர் பெற்றோரையும், ஒரு கல்விச் சூழல் முழுவதையும் இழந்து நின்றார்.

இத்துயரத்தைப் பற்றி ஓர் அறிஞர் மரபுப்படி எழுதக்கூடியது இரங்கற்பாவாகும். முகத்திமாவில் இப்னு கல்தூன் எழுதியது வேறு வகையானது. கிழக்கிலும் மேற்கிலும் நாகரிகத்தை அந்நோய் விழுங்கியது, மக்கள் தொகை குறைந்ததால் நகரங்கள் பாழாகின, பாதைகள் மறைந்தன, அரசுகள் வலுவிழந்தன, உலகமே புதிதாகப் படைக்கப்பட்டதுபோல் நிலைமை மாறிவிட்டது, ஆகவே இப்புதிய நிலையை விளக்கப் புதிய வரலாறு எழுதப்பட வேண்டும் என்ற கருத்துப்படவே அவர் எழுதுகின்றார். தாயும் தந்தையும் மடிந்ததை அங்கு அவர் கூறவில்லை. அச்செய்தி தன்வரலாற்றில் ஓரிரு வரிகளில் வந்து போகின்றது. இதனை உணர்ச்சியின்மை எனக் கொள்ள முடியாது. தம் வீட்டில் விழுந்த இடி எல்லா வீடுகளிலும் விழுந்தது என்பதைக் கண்டு, அது ஒவ்வொரு வீட்டையும் என்ன செய்தது என்று கேட்கத் தொடங்கியதே அவரது சிந்தனையின் பிறப்பிடம் எனலாம்.

அல்-ஆபிலீயும் ஃபெஸ் நகருக்குச் சென்றுவிட்டபின் தூனிஸில் அவரைக் கட்டிவைக்க எதுவுமில்லை. அரச ஆணைகளில் அல்லாஹ்வைப் புகழ்ந்து நன்றி கூறும் வாசகத்தை அழகிய எழுத்தில் பொறிக்கும் பணி அவருக்கு இருபது வயதளவில் கிடைத்தது. அதனைக் கைவிட்டு 1354 இல் ஃபெஸ் சென்றார். அதன்பின் வரும் இருபது ஆண்டுகளின் விவரங்கள் படிப்பவரைத் திணறடிக்கக்கூடியவை. 1357 இல் அபூ இனான் அவரைச் சதிக் குற்றச்சாட்டில் சிறையிலிட்டார். ஏறத்தாழ 21 மாதங்கள் கழிந்து அந்த சுல்தான் இறந்த பின்னரே விடுதலை. அடுத்து அபூ ஸாலிம் அரியணையேற உதவினார்; 1361 இல் அபூ ஸாலிம் கொல்லப்பட்டார். 1362 இல் கிரனாடா. 1364 இல் கிரனாடாவின் தூதுவராகக் காஸ்டில் மன்னன் பெத்ரோவிடம், அதுவும் இஷ்பீலியாவுக்கே, அனுப்பப்பட்டார். முன்னோரின் நகரை அவர் அந்நியரின் அரண்மனை விருந்தினராகப் பார்த்தார். தன்னுடன் தங்கிவிட்டால் அவரது முன்னோரின் சொத்துக்களைத் திருப்பித் தருவதாகப் பெத்ரோ கூறியபோது, அவர் மறுத்துத் திரும்பினார். சந்தர்ப்பவாதி என அவரைக் கூறுவோர் இந்நிகழ்ச்சியை எவ்வாறு விளக்குவர் என நாம் அறியோம்.

1365 இல் பிஜாயாவின் ஆட்சியாளர் அபூ அப்தில்லாஹ் அவரைத் தலைமை அமைச்சராக்கினார். மறு ஆண்டிலேயே அவர் தம் உறவினரான கொன்ஸ்தந்தீன் ஆட்சியாளர் அபுல் அப்பாஸுடனான போரில் கொல்லப்பட்டார். நகரில் இருந்தோர் இறந்தவரின் சிறுவயது மகனை அரியணையில் அமர்த்திப் போராடுமாறு வற்புறுத்தினர். இப்னு கல்தூன் அதற்கு இணங்காது, நகரை வெற்றியாளரிடம் ஒப்படைத்தார். அவர்மீது சாட்டப்படும் துரோகங்களுள் இது முக்கியமானது. ஆனால் அஸபிய்யா அற்ற ஒரு சிறுவனை முன்னிறுத்தி முற்றுகையை எதிர்கொள்வதன் விளைவு யாது? இரத்த ஆறு ஒன்றே. ஓர் அமைச்சரின் விசுவாசத்தால் ஒரு நகரைக் காத்துவிட முடியாது என்பதைப் பிறர் உணருமுன் அவர் உணர்ந்திருந்தார். முவஹ்ஹிதூன்களின் பேரரசு சிதறியபின், வட ஆபிரிக்காவை ஒன்றிணைக்கும் வலிமை மூன்று அரசுகளில் எதற்கும் இருக்கவில்லை. அத்தகைய காலத்தில் நிலையான விசுவாசம் கொள்ள, நிலையான ஆட்சி எங்கும் இல்லை. எனினும் அவரை முற்றாகக் குற்றமற்றவராக்குவதும் நமது நோக்கமன்று. சில சந்தர்ப்பங்களில் அவர் காற்றடிக்கும் திசையை மிக விரைவாகவே கண்டுகொண்டார் என்பதை அவரது தன்வரலாறே ஒப்புக்கொள்கின்றது.

அதே அலைகளில் அகப்பட்ட மற்றவர்களுக்கு நேர்ந்தது என்ன? கிரனாடாவில் அவருக்கு நண்பராக இருந்த லிஸானுத்தீன் இப்னுல் கதீப் அந்நூற்றாண்டின் மாபெரும் இலக்கியவாதி, மருத்துவரும்கூட. கொள்ளை நோய் தொற்றிப் பரவுவது என்பதை வாதாடி நிறுவ முயன்றவர். அரசியல் எதிரிகள் அவர்மீது மார்க்க விரோதக் குற்றம் சுமத்தினர். ஃபெஸ் நகரச் சிறையில் அவர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அவரைக் காப்பாற்ற இப்னு கல்தூன் பரிந்து பேச முயன்றதே, பின்னர் கிரனாடாவிலிருந்து அவர் வெளியேற்றப்படக் காரணமாயிற்று. இப்னு கல்தூனின் இளைய சகோதரர் யஹ்யா, திலிம்ஸான் அரசர்களின் வரலாற்றை எழுதியவர். அந்த அரசவையிலேயே, ஹிஜ்ரி 780 ரமழானில், இளவரசனின் தூண்டுதலால் படுகொலை செய்யப்பட்டார். ஒரே கல்வி, ஒரே தொழில், ஒரே காலம். மூவருள் இருவர் கொல்லப்பட்டனர்.

கோட்டையில் கண்ட தெளிவு

எஞ்சியவர் 1375 இல் ஓடி ஒளிந்தார் என்றே கூற வேண்டும். திலிம்ஸானின் சுல்தான் அபூ ஹம்மூ, கோத்திரத்தாரைத் தம் பக்கம் திரட்டிவர அவரை அனுப்பினார். அவர் வெளியில் இணங்கி, பாதி வழியில் திரும்பி, அவ்லாத் ஆரிப் என்ற கோத்திரத்தாரிடம் அடைக்கலம் புகுந்தார். இன்றைய அல்ஜீரியாவின் தியாரத் பிரதேசத்தில் உள்ள கல்அத் இப்னு ஸலாமா என்ற கோட்டையில் அவர்கள் அவரைக் குடும்பத்துடன் குடியமர்த்தினர். அரசவைகளுக்கு எட்டாத அந்த இடத்தில், அஸபிய்யா உள்ள ஒரு கூட்டத்தின் பாதுகாப்பில், அஸபிய்யா பற்றிய நூல் எழுதப்பட்டது. முகத்திமாவின் முதல் வடிவத்தை 1377 இல் ஐந்து மாதங்களில் முடித்ததாக அவர் குறிப்பிடுகின்றார்.

மனிதன் தனது இயல்பின் பிள்ளை அல்லன், தான் பழகிய வழக்கங்களின் பிள்ளை என்பது அந்நூலில் பலமுறை திரும்ப வரும் கருத்து. இதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் நம்மை மிகவும் கவர்ந்தது சிறார் கல்வி பற்றியதாகும். மக்ரிபில் பிள்ளைகளுக்கு அல்-குர்ஆனை மட்டுமே கற்பித்தனர். வேறெதையும் அதனுடன் கலக்கவில்லை. அந்தலூஸில் குர்ஆனுடன் கவிதையும் மொழியும் எழுத்துக்கலையும் கற்பிக்கப்பட்டன. இப்ரீகிய்யாவில் குர்ஆனுடன் ஹதீஸும் வேறு சில கலைகளின் அடிப்படைகளும் சேர்ந்தன. விளைவு என்ன? மக்ரிப் மாணவரிடம் மொழியாற்றல் குன்றியிருந்தது. அல்லாஹ்வின் வாக்கை எவரும் போலச்செய்ய முடியாது. ஆகவே வேறு நடையைப் பழகாத பிள்ளைக்குச் சொந்த நடை வாய்ப்பதில்லை. அந்தலூஸ் மாணவரிடமோ மொழி வளமாக இருந்தது. ஏனைய மார்க்கக் கல்வி குறைந்திருந்தது. மக்ரிபின் பிள்ளை மந்தபுத்தியுள்ளவனாகப் பிறக்கவில்லை. பாடத்திட்டம் அவனை அவ்வாறு ஆக்கியது.

காழி அபூபக்ர் இப்னுல் அரபி இதற்கு ஒரு மாற்றுவழி கூறியிருந்தார். முதலில் அரபு மொழியும் கவிதையும், பின்னர் கணக்கும், அதன் பின்னரே பொருள் உணர்ந்து குர்ஆனும் கற்பிக்கப்பட வேண்டும் என்றார் அவர். இது உண்மையில் நல்ல முறை என இப்னு கல்தூன் ஒப்புக்கொள்கின்றார். எனினும் வழக்கம் இதற்கு இடம்தராது என்கின்றார். தந்தையின் கட்டுப்பாட்டில் இருக்கும் வரையே பிள்ளை சொல்வதைக் கேட்கும். வாலிபத்தின் அலை அவனை அடித்துச் சென்றுவிட்டால் குர்ஆனை அறியாமலே போய்விடுவான் என்ற பெற்றோரின் அச்சமே அவ்வழக்கத்தின் வேர் எனக் காட்டுகின்றார். மக்தபுக்குப் பிள்ளைகளை அனுப்பும் எந்த வாசகருக்கும் இந்த அச்சம் புதியதல்ல. வழக்கத்தைப் பழித்து எழுதுவது எளிது. அவ்வழக்கத்தைக் காத்துநிற்கும் அன்பையும் அச்சத்தையும் கண்டறிவது அரிது.

அடக்குமுறை குணத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்பதையும் அவர் இதே வழியில் ஆராய்கின்றார். கடுமையாக அடித்து வளர்க்கப்படும் மாணவனும் பணியாளும் அச்சத்தின் காரணமாகப் பொய்யையும் சூழ்ச்சியையும் கற்றுக்கொள்கின்றனர்; பின்னர் அதுவே அவர்களது இயற்கையாகிவிடுகின்றது. ஆட்சியாளரின் சட்டத்துக்கு அஞ்சி வாழப் பழகிய நகர மக்களிடமும் துணிவு இவ்வாறே அழிந்துபோகின்றது. இங்கு ஒரு நியாயமான ஐயம் எழுகின்றது. ஸஹாபாக்களும் ஷரீஆவின் கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தனர்; ஆயினும் அவர்களது துணிவு குறையவில்லையே? அவர்களைத் தடுத்தாண்ட சக்தி வெளியிலிருந்து வரவில்லை, அவர்களது ஈமானிலிருந்தே ஊறி வந்தது என்பது அவரது விடை. மார்க்கத்தின் பிடி மக்களின் உள்ளத்தில் தளர்ந்து, அது கற்றுத் தேறும் ஒரு கலையாகவும் தண்டனையால் நிலைநாட்டும் சட்டமாகவும் மாறியபோதுதான் துணிவு குன்றியது என்கின்றார்.

சமூகமே மனிதனை முற்றாக உருவாக்குகின்றது என்று கூறிவிட்டால் பொறுப்பு என்ற ஒன்றுக்கு இடமில்லை. மறுமை விசாரணைக்கும் பொருளில்லை. இப்னு கல்தூன் அந்த எல்லைக்குச் செல்லவில்லை. வெளியிலிருந்து அழுத்தும் சக்திகளை அவர் எண்ணி அளந்து காட்டுகின்றார். ஆனால் உள்ளிருந்து எழும் கட்டுப்பாடு மனிதனைச் சிதைக்காமல் வளர்க்கும் எனவும் கண்டார். ஒரே விதிக்கு இரண்டு மனிதர் இருவேறு வகையில் கட்டுப்படலாம். அவ்விதி ஒருவனைக் கோழையாக்கும், மற்றவனை வீரனாக்கும்.

அவரும் தம் காலத்தின் பிள்ளையே என்பதை மறைக்கலாகாது. கறுப்பின மக்களின் நிறத்துக்கு நூஹ் நபியின் மகன் ஹாம்மீது இடப்பட்ட சாபமே காரணம் என்ற கட்டுக்கதையை அவர் மறுத்து, வெப்பநிலையே காரணம் என்றார், அது பாராட்டத்தக்கது. ஆனால் அம்மக்களின் குணங்களைப் பற்றிப் பழைய புவியியல் நூல்கள் கூறிய இழிவான கருத்துக்களை அவர் அப்படியே ஏற்று எழுதினார். வழக்கத்தின் வலிமையை மற்றவர்களிடம் கண்டவர், இவ்விடயத்தில் தம்மிடம் காணத் தவறினார்.

1378 இன் இறுதியில் கோட்டையை விட்டு வெளியேறித் தூனிஸ் திரும்பினார். அங்கும் பொறாமையும் அரசவைச் சந்தேகமும் தொடர்ந்தன. 1382 இல் ஹஜ்ஜைக் காரணம் காட்டி எகிப்துக்குக் கப்பலேறினார். கெய்ரோவில் மம்லூக் சுல்தான் பர்கூக் அவரை ஆதரித்து, 1384 இல் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழியாக நியமித்தார். அதே காலப்பகுதியில், அவரது குடும்பத்தினர் வந்த கப்பல் அலெக்சாந்திரியாவுக்கு அருகே மூழ்கியது. குடும்பத்தாரைத் தூனிஸ் சுல்தான் அனுப்பாமல் தடுத்து வைத்திருந்ததும், பர்கூக் கடிதம் எழுதி அவர்களை விடுவித்ததும் நினைவுகூரத்தக்கன. இரு அரசர்களின் இழுபறிக்கிடையே புறப்பட்ட பயணம் கடலில் முடிந்தது.

காழியாக அவர் பொய்ச் சாட்சிகளையும் பரிந்துரைகளையும் அறவே ஏற்க மறுத்தார். ஓராண்டுக்குள் பதவி பறிபோயிற்று. எகிப்திய காழிகளின் உடையை அணியாது மக்ரிபின் உடையையே அவர் தொடர்ந்து அணிந்தார். பதவி ஆறு முறை வந்தது. 1389 இல் பர்கூக் கவிழ்க்கப்பட்டபோது, அவருக்கு எதிரான ஃபத்வாவில் கையொப்பமிட்ட அறிஞர்களுள் இவரும் ஒருவர். வற்புறுத்தப்பட்டே அனைவரும் ஒப்பமிட்டனர் என்பது உண்மை. பர்கூக் மீண்டும் வந்தபோது இவர் தமது பொறுப்பொன்றை இழந்தார் என்பதும் உண்மையே.

1401 ஜனவரியில் தைமூர் திமிஷ்கை முற்றுகையிட்டிருந்தபோது, அங்கு அகப்பட்டுக்கொண்ட இப்னு கல்தூன் கோட்டைச் சுவரிலிருந்து கயிறு வழியாக இறக்கப்பட்டு அவரைச் சந்திக்கச் சென்றார். அப்போது அவருக்கு வயது 68. ஏட்டில் வகுத்த அஸபிய்யாவை அவர் அன்று நேருக்கு நேர் கண்டார். அதனைத் தைமூரிடமே விளக்கியும் கூறினார். மக்ரிபின் நிலவியலை எழுதித் தருமாறு தைமூர் கேட்டபோது எழுதியும் கொடுத்தார். தம் தாயகத்தின் விவரத்தை ஒரு பேரழிவாளனின் கையில் கொடுத்தது நமக்கு இன்றும் உறுத்தலாகவே உள்ளது. பின்னர் மக்ரிபின் ஆட்சியாளருக்குத் தாத்தாரியர் பற்றி விரிவாக ஒரு கடிதமும் எழுதினார். அவ்வுறுத்தல் அவருக்கும் இருந்திருக்கலாம்.

விடைபெறும் வேளையில், இப்னு கல்தூனின் கோவேறு கழுதையை விலைக்குத் தருமாறு தைமூர் கேட்டார். அவர் விலை பேசாமலே கொடுத்துவிட்டார். பின்னர் கெய்ரோவுக்கு வந்த தூதர் ஒருவரிடம் அதன் விலையைத் தைமூர் கொடுத்தனுப்பினார். பகைவரிடமிருந்து வந்த பணம். அரை நூற்றாண்டு அரசவைகளில் வாழ்ந்தவர் அதைத் தொடவில்லை. முதலில் சுல்தானிடம் சென்று நடந்ததைக் கூறி அனுமதி பெற்று, அதன் பின்னரே பெற்றுக்கொண்டார். 1406 மார்ச்சில், ஹிஜ்ரி 808 ரமழானில், ஆறாவது முறையாகக் காழிப் பதவியேற்ற சில நாட்களில் அவர் காலமானார். கெய்ரோவின் பாபுன் நஸ்ருக்கு வெளியே ஸூபிகளின் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கப்று எதுவென இன்று அடையாளம் காண்பதற்கில்லை.